ஒன்பது வருஷப் பிக்கப்: விற்பதா, ஊருக்கு ஓட்டுவதா?

கேள்வி: தில்லியில் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். சொந்த ஊர் தென்காசி மாவட்டம் புளியங்குடி. மத்திய அரசுப் பணியிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். 2017 மார்ச்சில் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கினேன். டீசல், பி.எஸ்.-4 புகைத் தரம், நாலு சக்கர ஓட்டம், தில்லிப் பதிவெண், சொந்த உபயோகம். கடன் முடிந்துவிட்டது.

“ஊருக்குள்ளே ஓட்ட எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?” என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் வாங்கியது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மாடித் தோட்டத்துக்கு யமுனைக் கரை நர்சரிகளிலிருந்து மண்ணும் எருவும் தொட்டிகளும் இதில்தான் வந்தன. கோயில் விசேஷம் என்றால் விடியற்காலை காஜிப்பூர் மண்டியிலிருந்து பூ மூட்டைகள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது தம்பி தோட்டத்து எலுமிச்சை, அரிசி, தேங்காய் என்று பின்னால் நிறைந்திருக்கும். 2023 ஜூலையில் யமுனை பெருகி, கரையில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் சாலையோரக் கூடாரங்களுக்கு வந்தபோது, நண்பர்களோடு தண்ணீர் கேன்களும் போர்வைகளும் ஏற்றிக்கொண்டு போனோம். சில குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் உண்டு.

இப்போது நிலைமை மாறிவிட்டது. குளிர்காலத்தில் புகை கூடினால் வண்டியை வெளியே எடுக்க முடிவதில்லை. அடுத்த மார்ச்சில் பத்து வருஷம் முடிகிறது; தில்லியில் டீசல் வண்டிக்கு அதுதான் கெடு. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்கச் சொல்கிறான் மகன். தோட்டத்துக்கு வேண்டும், கொண்டுவா என்கிறான் தம்பி. “ஒன்பது வருஷமா உங்க திருப்தியைத்தான் சொல்றீங்க, என் முழங்காலை ஒரு நாளாவது கேட்டீங்களா?” என்கிறாள் மனைவி. நான் என்ன செய்யட்டும்? ஊருக்குக் கொண்டுபோனால் இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும்?

— வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: விற்க வேண்டாம். மயூர் விஹாரில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பத்து வருஷக் கெடு வருவதற்குள் காகிதங்களை நேராக்கிப் புளியங்குடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றும் முடிவு இதுதான்.

வண்டி வாங்கியவர்களிடம் திருப்தியைக் கேட்டறிவதையே தொழிலாக வைத்திருக்கும் ஜே.டி. பவர் போன்ற நிறுவனங்கள், புது வண்டி வாங்கிய முதல் 90 நாளில் ஒரு முறையும், மூன்று வருஷம் ஆனவர்களிடம் ஒரு முறையும் கணக்கெடுக்கின்றன. மூன்று வருஷத்தில் வாரண்டி இருக்கும், டயர்கூட முதல் செட்டாகவே இருக்கலாம். ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு ஒருவர் சொல்வதற்கு அதைவிட எடை அதிகம். அதனால்தான் உங்கள் திருப்தி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். எஞ்சின் இழுவையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. சீட்டைப் பற்றியோ ஏ.சி.யைப் பற்றியோ பேச்சே இல்லை. மண், எரு, பூ மூட்டை, எலுமிச்சை, தண்ணீர் கேன் என்று நீங்கள் சொன்னதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்த லோடு பாடியைப் பற்றித்தான். பிக்கப் வைத்திருப்பவரின் மன நிறைவு, அந்தப் பாடிக்கு வேலை இருக்கும்வரை நீடிக்கும். வேலை நின்றுபோனால் அதே வண்டி டீசல் குடிக்கும், இடத்தை அடைக்கும், சுமையாகிவிடும். உங்கள் வண்டிக்கு மயூர் விஹாரில் வேலை குறைந்துவிட்டது. தம்பியின் தோட்டத்தில் காத்திருக்கிறது.

சாலையில் குடும்பத்தோடு போகவும் சரக்கு ஏற்றவும் ஆன பிக்கப்பை டாடா 1988-லேயே ‘டாடாமொபைல்’ என்று கொண்டுவந்தது. சியராவும் சுமோவும் அந்த வழியில் வந்தவைதான். பிறகு ஸெனான், மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ கெட்அவே எல்லாம் வந்து போயின. நாலு கதவும் கார் போன்ற உள்ளமைப்பும் உள்ள பிக்கப்பை வீட்டு வண்டியாக வாங்கலாம் என்ற எண்ணத்தை நம்மிடையே பரப்பியது 2016 மே மாதம் வந்த வி-கிராஸ்தான். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகி, சென்னை ஷோரூம் விலை 12.49 லட்சத்தில் வந்தது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் இழுவை. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம். நீங்கள் கொடுத்த விலைக்கு நல்ல வண்டியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

‘இவ்வளவு பெரிய வண்டி’ என்ற பேச்சுக்கு வருகிறேன். 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசைதான். அதில் எஃப்-150-ன் நாலு கதவு வண்டி கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம். அந்தக் கணக்கில் உங்களுடையது நடுத்தர அளவுதான், 5.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அங்கே வீடும் வாசலும் சாலையும் அந்த அளவுக்கு ஏற்றபடி இருக்கின்றன. நம் நாட்டில் ஒரு காருக்கான நிறுத்துமிடம் பொதுவாக 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். உங்கள் சொசைட்டியில் வண்டியின் மூக்கோ வாலோ எப்போதும் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷம் அண்டை வீட்டாரோடு சண்டையில்லாமல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால் அதற்கு அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இனிச் சட்டம். பீதியில் முடிவெடுக்கக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015 ஏப்ரலில் சொன்னது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல், வயது தாண்டிய வண்டிகளுக்குத் தில்லி பெட்ரோல் பங்குகளில் எண்ணெயே போடக் கூடாது என்று உத்தரவு வந்து, பங்குகளில் கேமராக்கள் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். அந்தச் சில நாள் பயத்தில் எத்தனையோ பேர் நல்ல வண்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வாங்கியவர்கள் எல்லாரும் அவற்றை உடைக்கவில்லை. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றவர்களும் உண்டு.

பிறகு ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி எந்த வண்டி உரிமையாளர் மீதும் கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17-ல் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4-ம் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. உங்களுடையது பி.எஸ்.-4. ஆக அடுத்த மார்ச்சில் பத்து முடிந்த மறுநாளே யாரும் வந்து இழுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். ஆனால் ஒரே வருஷத்தில் இத்தனை முறை மாறிய விஷயத்தை நம்பி, இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய வண்டியைத் தில்லிப் பதிவிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. வயது பத்தைத் தாண்டாத வண்டிக்கு வெளி மாநிலத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

வயதுக் கெடு இப்படியிருக்க, குளிர்காலத் தடை தனி. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி ‘கிராப்’ என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் நிலை அமலானால், பி.எஸ்.-3 பெட்ரோல் கார்களும் பி.எஸ்.-4 டீசல் கார்களும் ஓடக் கூடாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். சில்லா எல்லையையோ டி.என்.டி. பாலத்தையோ தாண்டி நொய்டாவுக்குள் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று உங்கள் பகுதியில் சிலர் நினைப்பதுண்டு. நொய்டா இருக்கும் கௌதம் புத்த நகர், காஜியாபாத், குருகிராம், ஃபரீதாபாத் மாவட்டங்களுக்கும் அதே தடைதான். இந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் காலையில் மயூர் விஹாரில் ஒரு குழந்தை இருமுவதைக் கேட்டவர் யாரும் குறை சொல்ல முடியாது. பி.எஸ்.-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. உங்கள் தலைமுறை வண்டி அந்த விதி வருவதற்கு முந்தையது.

அப்படியானால் தில்லிப் புகையைப் புளியங்குடிக்கு அனுப்பச் சொல்கிறீர்களா என்று நீங்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஓடப்போகும் தூரம் குறைவு, காற்று ஓட்டம் அதிகம் என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி உங்கள் தம்பியின் கையில் இருக்கிறது. ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் காலத்தில் மாற்ற வேண்டும். இன்ஜெக்டர்களைச் சோதித்து வைக்க வேண்டும். முடுக்கும்போது கருப்புப் புகை தெரிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் விட வேண்டும். புகைச் சான்றிதழை வெறும் சடங்காக வாங்கக் கூடாது. இதற்கு அவர் சம்மதித்தால்தான் வண்டியைக் கொடுங்கள்.

உங்கள் மனைவி கேட்டது இந்தக் கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி. வண்டித் திருப்தி என்று எழுதும் நாங்களெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவரைத்தான் கேட்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தவரையும் பின்னால் உட்கார்ந்தவரையும் கேட்பதில்லை. சேஸிஸ் மேல் கேபினைத் தூக்கி வைத்த வண்டி இது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 20 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. ஏறும்போது ஒரு காலில் முழு உடம்பையும் தூக்க வேண்டும். இறங்கும்போது அதே எடை முழங்காலில் இறங்கும். பின் சீட்டுக்குப் பின்னால் உடனே கேபின் சுவர் இருப்பதால் சாய்மானம் நிமிர்ந்தே இருக்கும். காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிப் போடுவதும் இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் உள்ளதுதான். பாரம் தாங்கச் செய்த பட்டை ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது வளைந்து கொடுக்காது. இதெல்லாம் வாங்கிய புதிதிலும் இருந்தது. அப்போது பொறுத்துக்கொண்ட உடம்பு வயது ஏறும்போது பொறுக்காது. அவர் ஒன்பது வருஷம் ஏறி இறங்கியிருக்கிறார். மயூர் விஹாரில் அடுத்து எந்த வண்டி என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஊரில் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியைப் பார்க்காமல் எண் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பார்த்தால் தெரியும் என்று சொல்ல முடியும். புறப்படுவதற்கு முன் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களும் கீழே நின்று பாருங்கள்.

முதலில் பட்டை. இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ்கள் இந்த வயதில் பிளந்திருக்கும். மேடு பள்ளத்தில் பின்னாலிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது என்றால் அதுதான். புஷ்ஷையும் ஷேக்கிள் பின்னையும் மாற்றினால் ஓட்டம் நிறையத் தெளியும். “ஒரு பட்டையைக் கழற்றிவிட்டால் கார் மாதிரி போகும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளைக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றும்போது மீதிப் பட்டைகள் உட்கார்ந்துவிடும். காலியாக ஓட்டும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பாரம் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். பலர் எப்போதும் பாரத்துக்கான அழுத்தத்திலேயே ஓட்டிவிட்டு வண்டி தூக்கிப் போடுகிறது என்பார்கள்.

அடுத்து லோடு பாடி. உங்கள் வண்டியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் அதை முழுசாகக் கழற்றி எடுங்கள். ஒன்பது வருஷம் மண்ணும் எருவும் ஏற்றியிருக்கிறீர்கள். செடிக்கு ஊற்றிய தண்ணீர் லைனருக்குக் கீழே போய் மணலோடு சேர்ந்து நிற்கும். வண்டி அசையும்போதெல்லாம் அந்த மணல் பெயின்டை உரசிக்கொண்டே இருக்கும். மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கும். போல்ட் தலைகளைச் சுற்றிச் செம்பழுப்பாக வட்டம் தெரிந்தால் துரு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசச் செலவு அதிகமில்லை. ஊரில் எலுமிச்சை ஏற்றப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நசுங்கிய பழத்தின் சாறு பெயின்ட் உரிந்த இரும்பை வேகமாக அரிக்கும். பிளாஸ்டிக் லைனரைவிட, எடுத்துக் கழுவி வெயிலில் போடக்கூடிய கனமான ரப்பர் பாய் நல்லது. மண்டியிலிருந்து திரும்பியதும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

நாலு சக்கர ஓட்டத்தை நகரத்தில் நீங்கள் அநேகமாகத் தொட்டிருக்க மாட்டீர்கள். அதுவும் ஒரு குறைதான். வருஷக்கணக்கில் அசையாத பாகம் இறுகிப்போகும். யமுனைக் கரையில் ஏதாவது மண் பாதையில் ஓட்டிப் போய், நேராகப் போகும்போது திருகியை 4எச்-க்குத் திருப்புங்கள். டாஷ்போர்டில் விளக்கு மினுக்கி, பிறகு நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இணையவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைத் தார்ச் சாலையில் செய்யாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். பிடிப்புள்ள தரையில் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் கியர்களை முறுக்கும். தோட்டத்துச் சேற்றில் மட்டும் 4எச், மாட்டிக்கொண்டால் மட்டும் 4எல் என்று தம்பிக்கும் சொல்லித் தாருங்கள்.

எஞ்சின் ஆயிலை எல்லாரும் மாற்றுவார்கள். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் ஆகிய நாலு இடத்து ஆயிலையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் பில்லில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மாற்றிவிட்டே புறப்படுங்கள். ஜாயின்ட் ஷாஃப்டின் கிராஸ்களுக்குக் கிரீஸ் அடிக்கும் இடம் இருந்தால் அதையும் விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக ஏழெட்டு வருஷ டயரில் நாக்பூர் வெயிலில் நெடுந்தூரம் ஓடாதீர்கள்.

இத்தனையும் பார்த்து, சேஸிஸ் கம்பிகளில் துளை விழும் அளவுக்குத் துரு இல்லை, எஞ்சினில் குளிர்நீர் குறைவதில்லை, காலையில் முதல் சாவியிலேயே வண்டி எடுக்கிறது என்றால், தோட்ட வேலைக்கு இன்னும் பல வருஷம் கவலையில்லாமல் ஓட்டலாம். நிதானமாகச் சுற்றும் பெரிய டீசல் எஞ்சின் தூரத்தால் கெடுவதைவிட, சூடேறுவதற்குள் நிறுத்தும் குட்டிக் குட்டிப் பயணங்களால்தான் சீக்கிரம் கரி பிடிக்கும். கோயில் வரைக்கும், மார்க்கெட் வரைக்கும் என்று மயூர் விஹாரில் அதற்குக் கிடைத்ததெல்லாம் அந்த வகை ஓட்டம்தான்.

காகித வேலையில் அவசரம் வேண்டாம்; விடுபடுதலும் கூடாது. பாக்கி சலான்களை முதலில் கட்டி முடியுங்கள். கடன் முடிந்தது என்றீர்கள்; ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் தீர்ந்து வருஷக்கணக்காகியும் பலர் இதைச் செய்வதே இல்லை. பிறகு தில்லிப் போக்குவரத்துத் துறையிடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கேளுங்கள். எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு என்று அதில் பெயர் குறிப்பிட வேண்டும். புளியங்குடிக்குத் தென்காசியா, சங்கரன்கோவிலா என்று தம்பியை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டியிருக்கும். வண்டியின் வயது ஏற ஏற அது குறையும். விலை ஆதாரமாகப் பழைய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். தில்லி எண்ணிலேயே தோட்டத்தில் நிறுத்தி வைக்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் வழக்கம் இருக்கிறது. பிக்கப்புகளில் அந்த எண் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு அருகே சேஸிஸ் கம்பியிலேயே குத்தப்பட்டிருக்கும். சேறும் துருவும் மூடிக் கிடந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ போட்டுத் தேய்த்து ஓர் எழுத்து மழுங்கினாலும் அதை நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

ஓட்டப் போவது தம்பி என்றால் பெயரையும் அவருக்கே மாற்றிவிடுங்கள். விபத்து என்று வந்தால் பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிக்குள் என்ன என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் இதில்தான் கஷ்டப்படுகின்றன.

சொந்தத் தோட்டத்துப் பழத்தைச் சொந்த வண்டியில் மண்டிக்குக் கொண்டுபோவது ஒன்று. பக்கத்துத் தோட்டக்காரரின் மூட்டையைக் கூலிக்கு ஏற்றுவது வேறு. சொந்த உபயோகம் என்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்தின்போது இன்சூரன்ஸ் நிறுவனம் அதைக் காட்டியே கையை விரித்துவிடும். ஊரில் “வரும்போது நம்ம நாலு மூட்டையையும் போட்டுக்கோ” என்பார்கள். உதவியாகச் செய்யலாம், காசு கைமாறக் கூடாது.

வெள்ளத்தின்போது குழந்தைகளைப் பின்னால் ஏற்றியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியது, 1978-ன் 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். அப்படியொரு நாளில் நீங்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சாதாரண நாளில் லோடு பாடியில் ஆள் ஏற்றுவது சட்ட விரோதம். பெல்ட் இல்லை, பிடிமானம் இல்லை. திடீரென்று பிரேக் போட்டால் எழுந்து பறப்பவர்கள் அவர்கள்தான். தோட்ட வேலைக்கு வரும் பெண்களை மாலையில் பின்னால் உட்கார வைத்து ஊரில் இறக்கிவிடுவது நம் கிராமங்களில் தினம் நடக்கிறது. உங்கள் வண்டியில் அது நடக்கக் கூடாது. சாவியைக் கொடுக்கும்போதே இதை உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

குளிர்காலம் முடியும்போது, பத்து வருஷக் கெடு வருவதற்கு முன்பே பயணம் கிளம்புவது நல்லது. ஆக்ரா, குவாலியர் பக்கம் பனிமூட்டம் விலகியிருக்கும், தெலங்கானா வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை உங்களுக்குப் பழகிய பாதைதான்: ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை. திருமங்கலத்தில் பிரிந்து ராஜபாளையம் வழியாகப் போனால் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். இரவு ஓட்டாதீர்கள். பாடியில் கொஞ்சம் பாரம் இருந்தால் வண்டி அமைதியாகப் போகும்; ஊருக்குக் கொடுக்க வேண்டிய பாத்திரம், புத்தகம், பழைய மரச்சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, கேபின் பக்கமாக ஒட்டிக் கட்டுங்கள். உங்கள் மனைவியை ரயிலில் அனுப்புங்கள்.

மகன் சொல்லும் மின்சாரக் காரை நான் மறுக்கவில்லை. ஆனால் உடனே வாங்க வேண்டாம். சொசைட்டியில் உங்கள் இடத்துக்குச் சார்ஜர் இணைப்பு தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மயூர் விஹார்-1 நிலையத்தில் நீல வழி, இளஞ்சிவப்பு வழி இரண்டும் இருக்கின்றன. நீங்கள் இரண்டு பேரும் சில மாதம் மெட்ரோவிலும் வாடகைக் காரிலும் சமாளித்துப் பார்த்தால், காரே எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும். மாடித் தோட்டத்துக்கு மண் வேண்டிய அன்று ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம். கார்தான் வேண்டும் என்று முடிவானால், விலையும் மைலேஜும் கேட்பதற்கு முன் ஷோரூமில் உங்கள் மனைவியை நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட்டின் உயரம் அவர் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். குனியவும் கூடாது, எம்பவும் கூடாது. முன் சீட்டில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், பின் கதவையும் திறந்து உட்காரச் சொல்லுங்கள்.